கறவை வற்றிய பின்: லக்கல மலைச்சாரலில் ஓர் அறக்கேள்வி

மாடு வளர்ப்பவரை வாட்டும் அறக்கேள்வி, மாடு கறக்கும் காலத்திலோ உழும் காலத்திலோ எழுவதில்லை. மடி வற்றி, நுகத்துக்கும் ஆகாமல் போன பிறகும் மாடு பல ஆண்டுகள் உயிரோடிருக்கிறது. அந்த ஆண்டுகளில் அதற்குப் புல்லும் தண்ணீரும் காவலும் தரவேண்டியவர் யார்? தன் கையால் கொல்லமாட்டேன் என்று உறுதி பூண்டவர் அதை விற்கலாமா? எங்கே போகும் என்று தெரிந்தே விற்றால் அந்தப் பாவம் யாரைச் சேரும்: விற்றவரையா, வெட்டியவரையா, உண்டவரையா? பௌத்தமும் சமணமும் சைவமும் இதற்கு வெவ்வேறு விடை தந்துள்ளன. இலங்கையின் மாத்தளை மாவட்டத்திலுள்ள லக்கல, இந்தக் கேள்வி ஏட்டோடு நில்லாமல் வயலிலும் புல்வெளியிலும் மக்களோடு வாழ்ந்துவந்த இடம்.

லக்கல, நக்கிள்ஸ் என்று வழங்கும் தும்பறை மலைத்தொடரின் கிழக்குச் சாரலில் கிடக்கிறது. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறும் வீதி, காற்று ஓயாத ரிவர்ஸ்டனைக் கடந்து, இலுக்கும்புர ஊடாகப் பல்லேகமவை நோக்கி வளைந்து வளைந்து இறங்குகிறது. மலையின் மேற்குப் பக்கம் தேயிலைத் தோட்டங்களின் உலகம். கிழக்குப் பக்கமோ வடகீழ்ப் பருவமழையை நம்பியிருப்பது. ஆண்டின் நடுவில் வறண்ட காற்று வீசிப் புல்லைப் பழுப்பாக்கிவிடும். இலுக்கும்புரவுக்கு அருகே பிட்டவல பத்தனை என்னும் புல்வெளி, பாறைமேல் படிந்த மெல்லிய மண்ணில் விரிந்திருக்கிறது. கீழே களு கங்கை ஓடி அம்பன் கங்கையில் சேர்கிறது. அதற்கும் கிழக்கே வஸ்கமுவக் காடு. வீதி வருவதற்கு முன் இந்த ஊர்களுக்கு வெளியுலகத்தோடு இருந்த தொடர்பு, சுமை மாடும் கால்நடைப் பாதையும்தான்.

இங்குள்ள பழைய வேளாண்மைக்கு மூன்று இடங்கள் தேவைப்பட்டன: பள்ளத்தில் நெல்வயல், வீட்டைச் சுற்றித் தோட்டம், காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை. மாடும் எருமையும் இம்மூன்றுக்கும் நடுவே நடமாடின. எருமைகள் வயலை மிதித்துச் சேறாக்கின. அறுவடை முடிந்ததும் களத்தில் சூடு மிதித்தன. அந்தக் களத்துக்குள் பேசுவதற்கென்றே சிங்கள உழவரிடம் தனிச் சொற்கள் இருந்தன. மாடுகளை ஓட்டும்போது அந்தஹெர என்னும் பாடல் வகையை நீட்டிப் பாடினார்கள். வேலை இல்லாத நாட்களில் கால்நடைகள் அவிழ்த்துவிடப்பட்டன. வேலி அடைத்தது பயிரைச் சுற்றித்தான், மாட்டைச் சுற்றி அன்று. அறுத்த வயலின் தாள், கைவிட்ட சேனையில் முளைத்த புல், பத்தனை, காட்டோரம், ஆற்றங்கரை எல்லாம் பொது மேய்ச்சல். இந்த ஏற்பாட்டில் முதிய மாட்டுக்கென்று யாரும் தீவனம் வாங்கவேண்டியதில்லை. அது மந்தையோடு போனது, மந்தையோடு வந்தது. ஒருநாள் வராமல் போனது. சிறுத்தையோ மூப்போ அதன் கணக்கை முடித்தது.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பண்ணை உண்டு. உலகின் மிகப் பெரிய மாட்டுப் பண்ணையாகச் சொல்லப்படும் அன்னா கிரீக், தென் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் 15,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்து கிடக்கிறது. மாத்தளை மாவட்டத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல். அங்கேயும் வேலிகள் குறைவு, மாடுகள் மாதக் கணக்கில் மனிதர் முகம் பார்க்காமல் மேய்கின்றன. ஹெலிகொப்டரும் மோட்டார்சைக்கிளும் கொண்டு அவற்றைத் திரட்டுகிறார்கள். வெளிப்பார்வைக்கு லக்கலவின் அவிழ்த்துவிட்ட மந்தையும் அந்த மந்தையும் ஒன்றாகத் தோன்றலாம். அடிப்படையில் இரண்டும் வேறு. அன்னா கிரீக்கின் மாடு பிறந்த நாளிலிருந்தே இறைச்சிக்கு உரியது. ஈனாத பசுவை மந்தையிலிருந்து பிரித்து அனுப்புவது அங்கே தொழிலின் ஒழுங்கு. லக்கலவின் மாடு உழைப்புக்கும் பாலுக்கும் எருவுக்கும் உரியது. அதன் சாவு எந்தத் திட்டத்திலும் எழுதப்படவில்லை. முதல் முறையில் சாவு எதற்கு என்பதில் ஐயம் இல்லை. இரண்டாவது முறையில்தான் மாட்டின் கடைசிக் காலம் மனச்சாட்சியின் பொறுப்பாகிறது.

லக்கலச் சிற்றூர்களின் சமயம் பௌத்தமும் தெய்வ வழிபாடும் ஒன்றோடொன்று பின்னியது. மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர தம் தொடக்ககாலக் களஆய்வை இப்பகுதியில் செய்தார். சிங்கள பௌத்தத்தில் பெருமரபும் சிறுமரபும் எப்படி ஒரே நெறியாக இயங்குகின்றன என்று 1963இல் அவர் எழுதிய கட்டுரையும், பத்தினித் தெய்வ வழிபாடு பற்றி 1984இல் வெளிவந்த அவருடைய பெருநூலும் இத்துறையில் இன்றும் படிக்கப்படுகின்றன. அறுவடைக்குப் பின் ஊர்கூடி நடத்தும் கம்மடுவ என்னும் சடங்கு பத்தினிக்கு உரியது. நோய் நீங்கவும் விளைச்சல் பெருகவும் நடத்தப்படும் இச்சடங்கில் புதுப் பானையில் பால் பொங்கி வழியவேண்டும். ஊரின் நலத்துக்கே அடையாளமாகப் பொங்கும் பால் நிற்கிறது.

அந்தப் பத்தினி, தமிழர் அறிந்த கண்ணகிதான். மதுரைமேல் தீயை ஏவும்போது யார் யாரை விட்டுவிடவேண்டும் என்று சிலப்பதிகாரத்துக் கண்ணகி அக்கினிக்குச் சொல்கிறாள். அந்தணர், அறவோர், பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரோடு பசுவும் அந்த வரிசையில் இருக்கிறது. முதியோரையும் பசுவையும் ஒரே மூச்சில் காத்தவள் லக்கலவில் பொங்கும் பாலுக்கு உரியவளானாள். சிங்கள ஊரும் தமிழ்க் காப்பியமும் இவ்வளவு நெருங்கி நிற்பதை இரு தரப்பும் போதிய அளவு நினைப்பதில்லை.

பௌத்தத்தின் பாலி நூல்களில் பசு அடிக்கடி வருகிறது. சுத்தநிபாதத்தின் பிராமணதம்மிக சுத்தம் ஒரு வீழ்ச்சியின் கதையைச் சொல்கிறது. முற்கால அந்தணர் பசுவைத் தாய் தந்தை உடன்பிறந்தார்போலக் கருதினர். உணவும் வலிமையும் அழகும் மருந்தும் தருவது என்று அதைக் கொல்லாமல் இருந்தனர். பிறகு செல்வத்தின்மேல் ஆசை வந்தது. ஒக்காக மன்னன் வேள்வியில் பசுக்கள் வீழ்த்தப்பட்டன. அதுவரை ஆசை, பசி, மூப்பு என மூன்றே இருந்த நோய்கள் தொண்ணூற்றெட்டாகப் பெருகின. உயிர்க்கொலை உலகின் ஒழுங்கையே குலைக்கும் என்பது இதன் கருத்து. ஆனால் இங்கே பேசப்படுவது கறவையின் நன்றி. பயன் தந்ததால் கொல்லாதே என்னும் வாதத்துக்கு ஓர் ஓட்டை உண்டு: பயன் நின்றபின் வாதமும் தளர்ந்துவிடக்கூடும்.

அந்த ஓட்டையை அடைப்பது மஜ்ஜிம நிகாயத்தின் மகாகோபாலக சுத்தம். நல்ல மேய்ப்பருக்குப் பதினொரு தகுதிகளைப் புத்தர் எண்ணிச் சொல்கிறார். மாட்டின் உருவத்தையும் குறிகளையும் அறிதல், ஈ இட்ட முட்டைகளைப் பொறுக்கி எடுத்தல், புண்ணைக் கட்டுதல், தொழுவத்தில் புகை போடுதல், துறையும் தண்ணீரும் வழியும் மேய்ச்சலும் அறிதல் எனத் தொழில் தெரிந்தவர் ஒப்புக்கொள்ளும் வரிசை அது. பத்தாவது, மடியை ஒட்டக் கறக்காமல் மீதம் விடுதல். பதினோராவது, மந்தையின் தந்தையரும் தலைவருமான காளைகளுக்குச் சிறப்பாக மரியாதை செய்தல். ஒவ்வொரு தகுதிக்கும் துறவியின் வாழ்வில் ஓர் இணை காட்டப்படுகிறது. இந்தப் பதினோராவதற்கு இணை, சங்கத்தின் மூத்த பிக்குகளைப் போற்றுதல். மூத்த பிக்கு உழைத்துச் சம்பாதித்துத் தருவதில்லை. அவர் இருப்பே சங்கத்துக்கு உறுதி. மந்தையில் முதுமைக்கு உரிய இடத்தை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பழைய நூல் அரிது. உவமையாகச் சொன்னதுதான், என்றாலும் உவமை பொருந்தவேண்டுமானால் மேய்ப்பர் முதிய காளையை உண்மையாகவே போற்றியிருக்கவேண்டும்.

இதே மரபில் வேறொரு குரலும் உண்டு. சுத்தநிபாதத்தின் தனிய சுத்தத்தில் மகி ஆற்றங்கரை மேய்ப்பர் தனியர், சோறு சமைத்தாயிற்று, பால் கறந்தாயிற்று, குடில் வேய்ந்தாயிற்று, இனி மழை பெய்தால் பெய்யட்டும் என்று நிறைவோடிருக்கிறார். புத்தரோ கூரையற்ற இடத்தில், சினம் அணைந்தவராக, அதே மழையை அதே சொல்லால் வரவேற்கிறார். மாடு உடையவர் மாட்டால் மகிழ்வார் என்று ஆசை காட்டும் மாரன் சொல்ல, மாடு உடையவர் மாட்டாலேயே துயருறுவார் என்பது புத்தரின் மறுமொழி. துறவிக்கு இது முடிந்த முடிவு. இல்லறத்தாருக்கு அப்படி அன்று. உடைமை துயரம் தரும் என்பதை ஏற்றுக்கொண்டாலும், அந்தத் துயரத்திலிருந்து விடுபட மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுவது துறவாகாது. துறப்பவர் விட்டுப்போகும் உயிருக்கு ஓர் இடம் செய்துவிட்டுத்தான் போகவேண்டும்.

விற்பனையைப் பற்றி அங்குத்தர நிகாயம் நேராகவே பேசுகிறது. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் உபாசகர் வணிகம் செய்யக்கூடாது. உயிர் வணிகம் என்பதற்கு மனிதரை விற்றல் என்று பழைய உரை பொருள் கொள்கிறது. பன்றி, மான் முதலியவற்றை வளர்த்து விற்பதை அது இறைச்சி வணிகத்தில் சேர்க்கிறது. எனவே இறைச்சிக்கென்றே வளர்ப்பது தவறு என்பதில் ஐயம் இல்லை. உழைப்புக்கு வளர்த்த மாட்டை முதுமையில் ஒருமுறை விற்பது அந்த வணிகமாகுமா என்பதே சிக்கல். வினையின் உயிர் எண்ணத்தில் இருக்கிறது என்பது பௌத்தத்தின் அடிப்படை. விற்றவர் மனத்தில் கொலை எண்ணம் இல்லை, மகளின் பள்ளிச் செலவோ நாகு வாங்கும் ஆசையோதான் இருந்தது என்று வாதிட இங்கே இடம் இருக்கிறது.

ஜீவக சுத்தம் இந்த வாதத்துக்கு இரண்டு முனையிலும் பயன்படுகிறது. தனக்காகக் கொல்லப்பட்டதாகக் கண்ணால் காணாத, காதால் கேளாத, ஐயம் கொள்ளாத இறைச்சியைப் பிக்கு ஏற்கலாம் என்கிறது அது. அதே சுத்தம், பிக்குவுக்காக உயிர்க்கொலை செய்பவர் ஐந்து படிகளில் தீவினை சேர்க்கிறார் என்றும் எண்ணுகிறது. முதல் படி, போய் அந்த விலங்கைக் கொண்டுவா என்று சொல்வது. இரண்டாம் படி, கழுத்துக் கயிற்றில் இழுபட்டு வரும்போது அது படும் வேதனை. கத்தி வருவது அதற்கும் பிறகு. சுத்தம் மாடு விற்கும் உழவரைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கயிற்றின் மறுமுனையை நீட்டியவரை அது முழுவதுமாக விட்டுவிடவும் இல்லை.

தமிழில் இந்த வழக்கு இன்னும் கறாராக நடந்தது. உலகம் தின்பதற்காகக் கொல்லாது என்றால் விலைக்கு ஊன் தருவார் யாரும் இல்லை என்பது வள்ளுவர் வாதத்தின் சாரம். குற்றத்தை அவர் ஒரு தனி மனத்தின் எண்ணத்தில் தேடாமல், வாங்குதல், விற்றல், கொல்லுதல் என்னும் முழுச் சங்கிலியிலும் காண்கிறார். சமணக் காப்பியமான நீலகேசி, ஊன் உண்ணும் பௌத்தரோடு இதே கேள்வியை வைத்து வாதிடுகிறது. கொன்றவன் நானல்லன் என்னும் விடை தமிழ் மண்ணில் நெடுங்காலத்துக்கு முன்பே கேள்விக்கு உள்ளாகிவிட்டது. இதில் வள்ளுவர் பக்கமே வலுவுடையது. எண்ணத்தை மட்டும் அளப்பவரால், பலர் கைமாறி நடக்கும் கொலையில் ஒருவரையும் பொறுப்பாக்க முடியாமல் போகும்.

பௌத்தத் தமிழ்க் காப்பியமான மணிமேகலை, வாதத்தை விட்டுவிட்டு ஒரு சிறுவனைக் காட்டுகிறது. தாயால் கைவிடப்பட்டு, ஏழு நாள் ஒரு பசுவின் பாலால் உயிர் பிழைத்தவன் ஆபுத்திரன். வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவில் அவிழ்த்துச் செல்கிறான். அந்தணர் பிடித்துப் புடைக்கின்றனர். பிறந்த நாள் தொட்டுப் புல்லைத் தின்று பாலை ஊட்டும் இந்த உயிரோடு உங்களுக்கு என்ன பகை என்பதே அவனுடைய கேள்வி. அதன் பின் அவன் ஊரும் உறவும் இழந்து அலைகிறான். அடுத்த பிறவியில் சாவக நாட்டில் ஒரு பசுவின் வயிற்றிலேயே பிறந்து அரசனாகிறான். கயிற்றை அவிழ்ப்பதற்கு ஒரு விலை உண்டு, அதை அவிழ்த்தவரே செலுத்தவேண்டும் என்பதைக் காப்பியம் மறைக்கவில்லை.

சைவம் கேள்வியின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. சைவ சித்தாந்தத்தில் பசு என்பது உயிர், பாசம் அதைக் கட்டிய தளை, பதி இறைவன். மனிதரும் மாடும் ஒரே தொழுவத்தில் கட்டுண்டவை. மேய்ப்பர் உடைமையாளர் அல்லர். உடையவன் வேறொருவன், மேய்ப்பர் காவலுக்கு நிற்பவர். சேய்ஞலூரில் ஆயன் மாட்டை அடிப்பதைப் பொறுக்காத விசாரசருமர், மண்ணியாற்றங்கரையில் தாமே மேய்ப்பராகிச் சண்டேசுவர நாயனார் ஆனார். சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, அவனைச் சுற்றிப் பசுக்கள் கதறின. அந்தத் துயரம் தாளாத சிவயோகி அவன் உடலுக்குள் புகுந்து, மாலையில் மந்தையை வீடு சேர்த்தார் என்கிறது திருமூலர் வரலாறு. தனியரின் கதையில் மாடு மனிதருக்குத் துயரம். மூலன் கதையில் மனிதரை இழந்து மாடு துயருறுகிறது. பற்று ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கட்டப்படுவதன்று என்று சைவம் கண்டது ஆழமான காட்சி. முதிய மாட்டை விற்கும்போது அறுபடுவதும் அந்த இரண்டாவது பக்கம்தான்.

தென்னிந்தியச் சோழ நாட்டிலிருந்து வந்து அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளனை, இலங்கையின் பாலி வரலாற்று நூலான மகாவம்சம் எதிரியாகக் காட்டினாலும், அவன் நீதியைப் புகழ்கிறது. மகனின் தேர்ச்சக்கரம் கன்றைக் கொன்றது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை இழுத்தது. மன்னன் அதே சக்கரத்தால் மகன் தலையைத் துணித்தான். திருவாரூரில் மனுநீதிச் சோழன்மேல் வைத்துத் தமிழர் சொல்லும் கதையும் இதுவே. கி.பி. முதலாம் நூற்றாண்டில் மன்னன் ஆமண்டகாமணி அபயன் தீவு முழுவதும் உயிர்க்கொலையை நிறுத்தி ஆணையிட்டதையும் அதே நூல் பதிகிறது. அரச நீதி திடீர் வன்முறைக்கு எதிராக எழுந்து நிற்கிறது. மெல்ல மெல்லப் புல் இல்லாமல் போகும் மாட்டுக்கு இழுக்க மணி இல்லை.

கொல்லாமை பேணும் இந்தத் தூய்மைக்கு ஒரு கரிய பக்கமும் உண்டு. 1660இல் சிறைப்பட்டு 1679 வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், அங்கே மாட்டிறைச்சி அருவருக்கப்பட்டதை எழுதியுள்ளார். இறந்த மாட்டை அகற்றுவதும், அதன் தோலில் கயிறு செய்து தருவதும் ரொடியர் என்று ஒதுக்கப்பட்டவர்கள்மேல் சுமத்தப்பட்டன; அதையே காட்டி அவர்கள் இழிவுபடுத்தப்பட்டார்கள். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இதே கொடுமை வேறு சாதிப் பெயர்களில் நடந்தது. அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டாதார் பற்றிய நூலில், பௌத்தத்தோடு நடந்த போட்டியில் அந்தணர் மாட்டிறைச்சியைக் கைவிட்டதையும், இறந்த மாட்டை உண்டவர்மேல் தீண்டாமை விழுந்ததையும் இணைத்து விளக்கினார். பிற்காலத்தில் வெட்டும் தொழில் பெரும்பாலும் முஸ்லிம் கடைக்காரரிடம் சேர, பழியும் அவர்களிடமே குவிந்தது. மாட்டைத் தொழுவத்திலிருந்து விற்றவர் பெயர் அந்தப் பழியில் இடம்பெறுவதில்லை. ஒருவர் கை சுத்தமாக இருக்க இன்னொருவர் கை அழுக்காகவேண்டும் என்றால் அதைக் கொல்லாமை என்று அழைக்க முடியாது.

லக்கலவில் இந்தக் கேள்வி கூர்மையடைந்தது புல் குறைந்த பிறகு. வஸ்கமுவ 1984இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறக்குறைய 39,000 ஹெக்டேர். நக்கிள்ஸ் மலைக்காடு 2000இல் பேணற்காடாகி, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இலங்கையின் மத்திய மலைநாட்டோடு சேர்ந்தது. சேனை தடைப்பட்டது, காட்டுக்குள் மாடு விடுவது குற்றமானது. மழைக்காட்டையும் ஆறுகளின் ஊற்றுக்கண்ணையும் காக்க இது தேவைதான். பின் களு கங்கை, மொரகஹகந்த நீர்த்தேக்கங்கள் வந்தன. பழைய பல்லேகம நீரில் மூழ்க, 2018இல் லக்கலப் புதுநகர் எழுந்தது. ஆற்றோரப் புல்லும் பழைய வயற்கரையும் போயின. இதற்கிடையில் கை உழவு இயந்திரம் எருமையின் வேலையை எடுத்துக்கொண்டது. காட்டைக் காத்ததும், நீரைத் தேக்கியதும், உழவரின் முதுகுவலியைக் குறைத்ததும் நன்மைகளே. ஆனால் ஒவ்வொரு நன்மையும் பொது மேய்ச்சலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. முன்பு ஒருவருக்கும் செலவு வைக்காத முதிய மாடு இப்போது கயிற்றில் கட்டி, புல்லறுத்துப் போட்டு வளர்க்கவேண்டியதாயிற்று. அவிழ்த்துவிட்டால் கட்டாக்காலி என்று வழக்கு. கொல்லாமை இவ்வளவு காலம் நிலைத்ததற்குப் போதனை மட்டும் காரணமன்று. அதைத் தாங்கியது புல்.

இதே உண்மையை மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் இன்னும் வலியோடு காணலாம். வயற்காலங்களில் பண்ணையாளர் பட்டிகளை அங்கே கொண்டுபோய், வாடி அமைத்துத் தங்கி மேய்ப்பது நெடுநாள் வழக்கம். மகாவலித் திட்டப் பிரதேசத்துக்குள் அடங்கும் அந்தத் தரையில் பயிர் செய்ய வந்தோரால் பட்டிகள் நெருக்கப்பட்டன. மாடுகள் வெடிக்கும் வெட்டுக்கும் இரையாயின. 2023 செப்டம்பரில் பண்ணையாளர் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினர். மகாவலிக் குடியேற்றங்களில் ஒரு குடும்பத்துக்கு 2.5 ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுத்தோட்டமும் என்பதே பொதுவான அளவு. நெல்லுக்கும் மனிதருக்கும் அளந்த அந்தக் கணக்கில் மாட்டின் பங்கு எழுதப்படவில்லை.

மேய்ச்சலின் இடத்தைச் சட்டத்தால் நிரப்பும் முயற்சியும் நடந்தது. 2013 வெசாக் நாளில் மாடறுப்புக்கு எதிராகக் கண்டியில் ஒரு பிக்கு தீக்குளித்து, மறுநாள் உயிரிழந்தார். 2020 செப்டம்பரில் அமைச்சரவை மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அங்கீகாரம் அளித்தது. 1893ஆம் ஆண்டின் மாடறுத்தல் கட்டளைச் சட்டமும் 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமும் திருத்தப்படவேண்டியவையாகக் குறிக்கப்பட்டன. இறைச்சி உண்போருக்கு அதை இறக்குமதி செய்து சலுகை விலையில் தருவது, வேலைக்கு உதவாத முதிய மாடுகளுக்குத் தக்க திட்டம் வகுப்பது ஆகியனவும் அதே முடிவில் இருந்தன. இறக்குமதியான இறைச்சியும் ஒரு மாட்டின் இறைச்சி. கொலை கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு பண்ணையில் நடக்கும், அவ்வளவுதான். வள்ளுவரின் சங்கிலி இங்கே நீண்டிருக்கிறதே தவிர அறவில்லை. அந்த முடிவின் உயிர்ப்பகுதி முதிய மாட்டைப் பற்றிய ஒற்றை வாக்கியம். மற்ற எல்லாம் அதைச் சார்ந்தே நிற்கவேண்டும்.

பக்தர்கள் தாமாகச் செய்யும் வழி ஒன்று உண்டு. அறுப்புக்குப் போகும் மாட்டை விலைகொடுத்து மீட்டு, இறைச்சிக்கு விற்கமாட்டேன் என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு ஏழை உழவருக்குக் கொடுக்கும் அபயதானம். நோய் தீரவும் பிறந்தநாள் புண்ணியத்துக்கும் இது செய்யப்படுகிறது. அச்சத்திலிருந்து ஓர் உயிரை விடுவிப்பது தானங்களில் உயர்ந்தது என்பதில் மறுப்பில்லை. ஆனால் மீட்கப்பட்ட பசுவும் ஒருநாள் வற்றும். அன்று அதன் முழுச் சுமையும் ஊரிலேயே புல் வாங்கச் சக்தியற்ற வீட்டின்மேல் விழும். உறுதிமொழி அந்த ஏழையைக் கட்டும், புண்ணியம் நகரத்தில் இருக்கும். மாட்டின் விலையோடு அதன் கடைசி ஆண்டுகளுக்கான புல்லின் விலையையும் சேர்த்துக் கொடுப்பதே முழுத் தானம்.

காந்தி இதைக் கணக்கோடு பார்த்தவர். பசுவைக் காக்கத் தடைச் சட்டம் போதாது என்றும், நல்ல இனம், தீவனம், மேய்ச்சல், இயல்பாக இறந்த மாட்டின் தோலைப் பதனிடும் தொழில் எல்லாம் சேர்ந்ததே கோசேவை என்றும் அவர் வலியுறுத்தினார். 1941இல் அவருடைய தொண்டர் ஜம்னாலால் பஜாஜ் வார்தாவில் கோசேவா சங்கத்தை இந்த நோக்கில் அமைத்தார். இறந்த மாட்டின் தோலைக் கையால் தொடும் தொழிலை மதிப்புள்ளதாக்கியதில், ரொடியர்மேலும் தமிழகத்துத் தோல் தொழிலாளர்மேலும் சுமத்தப்பட்ட இழிவுக்கும் ஒரு மறுமொழி இருந்தது.

லக்கல போன்ற இடத்தில் இதற்கு உதவக்கூடிய உடைமை ஏற்கனவே இருக்கிறது. கண்டி மன்னர் காலந்தொட்டு மலைநாட்டின் விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் காணிகள் உண்டு; விகாரைக் காணிகளின் நிர்வாகம் 1931ஆம் ஆண்டின் பௌத்த ஆதனங்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. அவற்றில் வயலாகாத மேட்டுநிலங்களில் ஒரு பங்கை ஊரின் முதிய மாடுகளுக்குப் புல் நிலமாக ஒதுக்கலாம். மாட்டின் உடையவர் ஆண்டுக்கு இத்தனை நாள் உழைப்பாகவோ பணமாகவோ தம் பங்கைத் தரலாம். அபயதானம் செய்வோர் மீதியைத் தாங்கலாம். எருவும், இறந்தபின் தோலும் அந்த நிலத்தின் வருவாயாகலாம். தமிழ்க் கோயில்களின் கோசாலைகளுக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும். மகாகோபாலக சுத்தத்தின் பதினோராவது தகுதியை ஊர் நடைமுறையாக்க வேண்டிய அளவுக்கு நிலமும் சட்டமும் வழக்கமும் இருக்கின்றன. இன்னும் எடுக்கப்படாதது, எந்த மேட்டில் எத்தனை ஏக்கர் என்னும் முடிவு.